முறையும் முறையீடும்

தமிழில் ‘முறை’ என்ற ஒரு சொல் எத்தனை பொருளைச் சுமக்கிறது என்று எண்ணத் தொடங்கினால் ஒரு கையின் விரல்கள் போதா. உறவுக்கு முறை என்கிறோம், ஒழுங்குக்கும் முறை என்கிறோம், அரசன் வழங்கும் நீதியைப் பழைய நூல்கள் முறை என்றே குறித்தன, அந்த நீதி பிறழ்ந்தபோது குடிமகன் அரண்மனை வாயிலில் நின்று எழுப்பிய குரலுக்கு முறையீடு என்று பெயர் வந்தது, இரணைமடுக் குளத்து நீர் தன் வாய்க்காலுக்குத் திரும்பும் நேரத்தை எதிர்பார்த்து, மண்வெட்டியோடு வரம்பிலே குந்தியிருக்கும் கமக்காரன் “என்ர முறை எப்ப?” என்று கேட்பதும் அதே சொல்தான். இப்பொருள்களெல்லாம் அகராதியில் வரிசையாகக் கிடப்பதை நான் அறிந்திருந்தேனேயன்றி, அவை யாவும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து கூடுவதைக் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலின் முன்னே, ஏ9 வீதியின் புழுதி படிந்த ஒரு கொட்டகையிலேதான் முதன்முதல் கேட்டேன். பொழுது சாய, வீட்டுக்குப் புறப்பட்ட ஒரு வயோதிப மாது பக்கத்துக் கதிரையிலிருந்த இளையவளின் தோளைத் தொட்டு, “நாளைக்கு உன்ர முறை பிள்ளை, மறந்திடாதை, மழை பெய்தாலும் வா” என்றாள்.

அந்தக் கொட்டகை 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி தோன்றியது. யுத்தத்தின் இறுதி நாட்களில் தம் கையாலேயே படையினரிடம் ஒப்படைத்த பிள்ளை எங்கே, சரணடைந்த கணவன் எங்கே, அதற்கும் முன்னரே வீதியில் மறித்துக் கொண்டுபோகப்பட்ட சகோதரன் எங்கே என்று கேட்டு உறவினர்கள் அங்கே அமர்ந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு வவுனியாவில் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கி, இராஜாங்க அமைச்சர் ஒருவர் கொடுத்த வாக்கை நம்பி நான்காம் நாள் அதை முடித்துக்கொண்டவர்கள், வாக்கு வாக்காகவே நின்றதைக் கண்டு பெப்ரவரி 24இல் மறுபடியும் உட்கார்ந்தார்கள். மார்ச் 8இல் முல்லைத்தீவும் சேர்ந்துகொண்டது. நாட்களை எண்ணி எழுதிய பலகையில் நூறு கடந்தது, ஆயிரம் கடந்தது, இரண்டாயிரமும் கடந்துவிட்டது.

சட்டமியற்றுவோரின் மனத்தைத் திருப்புவதற்குச் சாதாரண ஜனங்களிடையேயிருந்து தொண்டர்களைத் திரட்டுவது எப்படி, திரட்டியவர்களின் ஊக்கம் குன்றாமற் காப்பது எப்படி என்று கற்பிக்கும் ஒரு சாஸ்திரமே இன்று உலகில் வளர்ந்திருக்கிறது. கொழும்பு விடுதிகளில் நடக்கும் பயிற்சிப் பட்டறைகளுக்கு நம் ஊர்ப் பெண்களும் போய் வந்திருக்கிறார்கள்; வர்ணக் கடதாசிகளில் அம்புக்குறிகள் வரைந்து, மதிய போசனம் உண்டு, ஒரு பையுடன் திரும்பியிருக்கிறார்கள். அந்தச் சாஸ்திரத்தை நான் இகழவில்லை. அதில் உபயோகமான விஷயங்கள் உண்டு. ஆயினும் அது தொடாமல் விட்டுச்செல்லும் கேள்வி ஒன்றிருக்கிறது. பலன் கிட்டுமா என்பது தெரியாத, ஆண்டுக்கணக்கில் கிட்டாமலே போயிருக்கிற ஒரு காரியத்துக்கு, இன்னொரு மனிதப் பிறவியை “நாளைக்கும் வா” என்று அழைப்பதற்கு நமக்கு என்ன அதிகாரம்? அப்படி அழைக்கப்பட்டு வருகிறவர் எதைப் பற்றிக்கொண்டு வருகிறார்?

வேதாந்தம் பயின்ற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் சற்றும் தயங்காமல் கீதையை எடுத்தார். பலனில் பற்றுவைக்காது செய்யும் கர்மமே உத்தமம். பொதுத்தொண்டு செய்கிறவன் நிஷ்காமியாக இருக்கவேண்டும். பலனை எதிர்பார்ப்பவன் தோல்வியில் துவள்வான், வெற்றியில் கொழுப்பான் என்றார். நம் மேடைகளிலே தொண்டர்களுக்கு உபதேசம் செய்கிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதையேதான் சொல்வது வழக்கம். அப்படியாயின், தன் மகனைத் திருப்பித் தா என்று கேட்கும் தாய் எந்தப் படியில் நிற்கிறாள்? அவளுக்குப் பலனில் பற்றில்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? அவளுடைய இருப்பும் நடையும் உபவாசமும் முழுவதும் காமியமானவை. ஒரு முகத்தை, ஒரு குரலை, சைக்கிள் மணியடித்துக்கொண்டு படலை திறந்து வருகிற ஒருவனை அவை நாடுகின்றன. நண்பர் இதற்கும் விடை வைத்திருந்தார்: “அது தொண்டல்ல, பாசம்.” சைவ சித்தாந்தத்திலே பாசம் என்பது உயிரைக் கட்டும் தளை. ஆனால் அதே சொல்லை நம் தாய்மார் அன்பு என்ற பொருளிலன்றி வேறெதிலும் வழங்கி நான் கேட்டதில்லை. சாஸ்திரம் கயிறு என்று கண்டதை ஜனங்கள் அன்பு என்று கண்டார்கள்; இரண்டும் ஒரே பொருளின் இரண்டு நுனிகளாக இருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு அப்போதுதான் எழுந்தது.

வைராக்கியம் என்ற சொல்லுக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கிறது. விராகம் என்றால் பற்றின்மை. அதிலிருந்து பிறந்த வைராக்கியம், உலக விஷயங்களில் ஆசை அற்ற துறவியின் இலட்சணம். நம் கிராமத்திலோ, “அவள் வைராக்கியக்காரி” என்றால் பற்றை விட்டவள் என்று ஒருவரும் கொள்ளமாட்டார். பற்றியதை விடாதவள் என்பதே பொருள். பண்டிதர்கள் இதை வழு என்று ஒதுக்குவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றைக் கடைசிவரை பிடித்திருப்பதற்கு மற்ற எத்தனையோ பொருள்களிலிருந்து கையை எடுத்தாகவேண்டும்: பகல் நித்திரை, உறவினர் வீட்டுக் கல்யாணம், தோட்டத்து வெங்காயம், அயலாரின் நன்மதிப்பு, ‘இனி விட்டுவிடு’ என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்களின் சிநேகம். இவற்றையெல்லாம் விட்டுத்தான் அந்தத் தாய் கதிரையில் வந்து இருக்கிறாள். துறவியின் வைராக்கியமும் அவளுடைய வைராக்கியமும் முக்காற்பங்கு வழி ஒன்றாகவே போகின்றன. கடைசிக் காற்பங்கில்தான் அவன் எல்லாவற்றையும் விடுகிறான், இவள் ஒன்றை வைத்துக்கொள்கிறாள்.

நம் முன்னோர் நிலையாத வைராக்கியங்களையும் அறிந்து பெயரிட்டு வைத்திருந்தனர். பிள்ளை பெறும் வேதனையில் ‘இனி வேண்டாம்’ என்பது பிரசவ வைராக்கியம். சுடலையில் நிற்கும்வரை நிற்பது மயான வைராக்கியம். கதாப்பிரசங்கம் கேட்டு எழும்பும்போதே உதிர்ந்துவிடுவது புராண வைராக்கியம். பெருங்கூட்டம் கூட்டி, கண்ணீர் வரப் பேசி, கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கச் செய்து தொண்டர்களை உண்டாக்கிவிட்டோம் என்று மகிழ்பவர்கள் உண்டாக்கியது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான். மண்டப வாசலில் செருப்பைத் தேடும்போதே அது போய்விடும். சனத்தைக் கூட்டுவது கடினமான வித்தையன்று. கூடியவர்களில் எட்டுப் பேரை அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் செய்வது எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதை அந்தக் கொட்டகைகளிலே எப்படிச் செய்தார்கள்? பேசியல்ல. இடத்தையும் முறையையும் நிலைநிறுத்தினார்கள். இந்தக் கிராமத்தார் இந்த நாள் என்று வகுத்து ஒரு கொப்பியில் எழுதிவைத்தார்கள். யார் தேநீர் போடுவது, யார் படங்களைத் துடைப்பது, கடைசி பஸ்ஸுக்கு யாரை முதலில் அனுப்புவது என்பதெல்லாம் அனுஷ்டான நியமம்போல் அமைந்துவிட்டது. இதைக் கண்டபோது எனக்குப் பெரியபுராணத்துத் தண்டியடிகள் நினைவு வந்தது. திருவாரூர்க் கோயிற் குளம் தூர்ந்து சுருங்கிக்கொண்டிருந்தது. அதைத் தோண்ட முனைந்தவருக்கோ கண் தெரியாது. குளத்துக்குள்ளே ஒரு கம்பும் கரையிலே ஒரு கம்பும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டி, தடவிக்கொண்டே ஏறிக் கொட்டினார். சமணரோடு அவருக்கு ஏற்பட்ட வழக்கும், பின் நிகழ்ந்த அற்புதமும் புராணத்தின் பெரும்பகுதி. அவற்றில் எனக்கு இங்கே அக்கறை இல்லை. அந்தக் கயிற்றைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணுகிறேன். குளம் எவ்வளவு ஆழமாகிறது என்று அவரால் பார்க்க இயலாது. கயிறு இருக்கிறது என்பது மாத்திரம் கைக்குத் தெரியும். தொண்டரைத் திரட்ட விரும்புகிறவர் செய்யத்தக்கது கம்பு நடுவதும் கயிறு அறாமற் பார்ப்பதுமேயன்றி, கண் தெரியாதவரிடம் போய் ஆழத்தை வர்ணித்துக்கொண்டிருப்பதல்ல. சேக்கிழார் ஒரு சோழனின் அவையில் அமைச்சராயிருந்தவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். இராச்சிய காரியம் தெரிந்த ஒருவர், அரசர்களை நாயகராக்காமல் தொண்டர்களைப் பாட அமர்ந்தார். அவருடைய நூலுக்குத் திருத்தொண்டர் புராணம் என்பதே பெயர்.

தொண்டர் என்ற அந்தச் சொல் பிற்காலத்தில் கட்சிக்காரர்களுக்குச் சொந்தமாயிற்று. 1961ஆம் ஆண்டு, இதே பெப்ரவரி 20ஆம் திகதியில், தமிழரசுக் கட்சி யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. வவுனியா, மன்னார், திருகோணமலை, மட்டக்களப்புக் கச்சேரிகளுக்கும் அது பரவி, ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் வரும்வரை நீடித்தது. அன்று பாராளுமன்ற உறுப்பினர்களே முன்வரிசையில் இருந்தார்கள், தொண்டர்கள் அவர்களுக்குப் பின்னால் இருந்தார்கள். ஐம்பத்தாறு வருஷங்களுக்குப் பின் அந்த வரிசை தலைகீழானது. அழைப்பார் இல்லாமலே ஜனங்கள் போய் உட்கார்ந்தார்கள்; உறுப்பினர்கள்தான் வாகனத்திலிருந்து இறங்கி, கொட்டகைக்குள் குனிந்து நுழைந்து, வெறுமையாயிருந்த கதிரையைத் தேடினார்கள்.

எந்த உறுப்பினர்? இதுவும் லேசான கேள்வியல்ல. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்றிருந்த காலத்தில் கிளிநொச்சிக்கென்று ஒருவர் இருந்தார், வவுனியாவுக்கென்று ஒருவர் இருந்தார்; குறையோ முறையோ அவர் வாயிலில் நின்று சொல்லலாம். விகிதாசார முறை வந்தபின் கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடும், வவுனியாவும் முல்லைத்தீவும் மன்னாரோடு சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டமாகவும் ஆயின. 225 பேர் கொண்ட சபையில் 196 பேர் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். வன்னிக்கு ஆறு ஆசனம். ஆறு பேரும் எல்லோருக்கும் பிரதிநிதி என்றால், ஒரு குறிப்பிட்ட கிராமத்துக்குப் பிரதிநிதி யாருமில்லை என்பதற்கு அது வெகு சமீபம். பாராளுமன்றத்தில் பொதுமனுச் சமர்ப்பிப்பதென்றாலும் ஓர் உறுப்பினரின் கை வழியாகவே அது போகவேண்டும். மூலஸ்தானத்துக்கு அர்ச்சகர் வழி போவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அர்ச்சகரை ஐந்து வருஷத்துக்கொருமுறை நாம் தெரிவுசெய்வதில்லை.

திருவாரூரிலே மனுநீதிச் சோழன் கட்டிய மணியைக் கன்றிழந்த பசு இழுத்தது என்ற கதையை நம் பிள்ளைகள் சின்ன வயதிலேயே படித்துவிடுகிறார்கள். பசுவுக்குப் பேச்சு வேண்டியிருக்கவில்லை, பத்திரம் வேண்டியிருக்கவில்லை, பிரதிநிதியும் வேண்டியிருக்கவில்லை. தியவன்னா ஓயாவின் நீருக்கு நடுவே 1982ஆம் ஆண்டு முதல் கூடிவரும் நம் சபைக்கு அப்படி ஒரு மணி கிடையாது. ஆகவே பத்திரம் வேண்டும். ஒரு தாயின் பொலித்தீன் பையை ஒருநாள் விரித்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தின் துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழு கொடுத்த இலக்கம், 2010இல் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் தோன்றியதற்குச் சான்று, 2013இல் அமைத்த பரணகம ஆணைக்குழுவின் கடிதம், மகனின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், மடிப்பிலே வெடித்துப்போன ஒரு பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை. எது எந்தத் திகதியில் வந்தது என்பது அவளுக்கு மனனம். எழுத்து அதிகம் தெரியாதவள். காகிதத்தின் நிறத்தையும் முத்திரையின் வடிவத்தையும் கொண்டு அடுக்கியிருந்தாள்.

வன்னியிலே சாட்சியத்தோடு வாயிலில் நின்ற பெண் என்றால் யாரை நினைக்கவேண்டுமென்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நந்திக்கடற் கரையில் வற்றாப்பளை அம்மன் இருக்கிறாள். மதுரையை எரித்தபின் கடல் கடந்து வந்த கண்ணகி தங்கிய பத்தாவது இடம் என்றும், பத்தாம்பளைதான் வற்றாப்பளை ஆனதென்றும் நம் வழிவழிக் கதை சொல்கிறது. பொங்கலுக்கு முந்திய நாட்களில் சிலாவத்தைத் தீர்த்தக்கரையிலிருந்து கடல்நீர் எடுத்துவந்து, முள்ளியவளைக் காட்டுவிநாயகர் ஆலயத்தில் அந்த உப்பு நீரிலே விளக்கெரிப்பார்கள். வாயிலில் நின்று வழக்குரைத்த ஒருத்தியைத் தெய்வமாக்கிக் கும்பிடுகிற சமூகத்துக்கு, முறையிடுதல் யாசகம் அல்ல என்பது இரத்தத்தில் ஊறியிருக்கும். பாண்டியன் தன் பிழையை அறிந்த கணத்தில் உயிர்விட்டான். இக்கால அரசுகள் ஆணைக்குழு அமைக்கின்றன. அந்த வேற்றுமையையும் வன்னித் தாய்மார் நன்கறிவர்.

ஒருநாள் ஓர் உறுப்பினர் வந்திருந்தார். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்தான். ஒவ்வொருவராக விபரம் கேட்டுக் கொப்பியில் சிரத்தையோடு எழுதிக்கொண்டுவந்தார். மூன்றாவதாக இருந்த மூதாட்டியின் முறை வந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் அவர் எழுதுவதையே பார்த்திருந்துவிட்டு, “தம்பி, போன முறை வந்தபோதும் இப்பிடித்தான் எழுதினனீங்கள். அந்தக் கொப்பி எங்க?” என்று கேட்டாள். கூட வந்த இளைஞன் சிரித்தான், அவர் சிரிக்கவில்லை. பேனையை மூடினார். அடுத்த தடவை அவர் பழைய கொப்பியைக் கொண்டுவந்தாரோ இல்லையோ, ஏழெட்டுப் பெயர்களை மனனம் செய்துகொண்டு வந்திருந்தார். சட்டமியற்றுவோரை அசைப்பது இரக்கம் என்று நாம் எண்ணுகிறோம். இரக்கம் வாகனத்தின் கண்ணாடி ஏறியதும் ஆறிவிடும். அதே இடத்தில், அதே ஆள், அதே கேள்வியோடு இன்னும் இருக்கிறாள் என்ற நாணமே அவர்களை உறங்கவிடாதது. லூக்கா சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்திலே தேவனுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதியாத ஒரு நியாயாதிபதியிடம் ஓயாமற்போன விதவையின் கதை வருகிறது. அவளுடைய தொந்தரவு தாளாமலே அவன் நீதி செய்கிறான். மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்து வந்த ஒரு தாய் அதை என்னிடம் சொல்லிவிட்டு, அந்தக் கதையில் தனக்குப் பிடித்தது அந்த நியாயாதிபதி திருந்தவேயில்லை என்பதுதான் என்றாள். வேதசாஸ்திரிகள் இவ்விடத்தை இவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார்களோ தெரியாது.

பலன் ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். படையினர் வசமிருந்த தம் நிலத்தைக் கேட்டவர்களுக்குச் சில இடங்களில் கிடைத்தது: 2017 ஜனவரி 31இல் பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் முன் வீதியில் உட்கார்ந்து, பனியிலும் வெயிலிலும் பிள்ளைகளோடு கிடந்து, மார்ச் முதலாம் திகதி தம் காணிக்குள் நுழைந்தார்கள், அதைக் கண்ட அயற்கிராமமான கேப்பாப்புலவு அன்றே தன் போராட்டத்தைத் தொடங்கியது, அதற்கு அந்த ஆண்டின் இறுதியில் ஒரு பகுதி மாத்திரம் கிடைத்தது. பூநகரியின் இரணைதீவு மக்கள் ஓராண்டு காத்திருந்து, 2018 ஏப்ரல் 23இல் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தாமே தீவுக்குப் போய் இறங்கிவிட்டார்கள். பிள்ளைகளைக் கேட்டவர்களுக்குக் கிடைத்தவை சட்டங்கள். 2010இல் வந்த சட்டம் காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் ஒன்றையே காட்டியது. அதை வாங்க மறுத்து நின்ற குடும்பங்களின் பிடிவாதம் ஒரு காரணமாக, இறந்தார் என்று சொல்லாமல் இல்லை என்று மாத்திரம் சொல்லும் வேறொரு சான்றிதழுக்கு 2016இல் இடம் பிறந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான 14ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. பலவந்தமாகக் காணாமலாக்குதலைக் குற்றமாக்கும் 5ஆம் இலக்கச் சட்டம் 2018 மார்ச்சில் வந்தது. ஆயினும் மக்களிடம் கருத்துக் கேட்க அமைத்த செயலணி தன் இறுதி அறிக்கையைக் கையளித்தது 2017 ஜனவரியில். அலுவலகச் சட்டம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. கேட்டு முடிக்குமுன் எழுதிய விடையைத் தாய்மார் ஏற்கவில்லை, இன்றும் பலர் ஏற்கவில்லை. அவர்கள் கேட்டது அலுவலகம் அல்லவே.

சட்டத்தின் மொழியில் ‘இல்லை’ என்பதற்கும் ‘இறந்தார்’ என்பதற்கும் உள்ள தூரம் ஒரு பத்திரத்தின் தலைப்பளவுதான். வீட்டிலே அது எவ்வளவு தூரம் என்பதை ஆடி அமாவாசையன்று காணலாம். தகப்பன் இல்லாத பிள்ளை விரதமிருந்து தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செய்யும் நாள் அது. காணாமற்போன தகப்பனின் பிள்ளைக்கு அன்றைக்கு என்ன விதி? விரதமிருந்தால் தகப்பனைக் கொன்றதாகும். இராவிட்டால், அவர் ஒருவேளை இல்லையென்றால், கடன் தவறியதாகும். அந்தியேட்டியும் திவசமும் திகதி இல்லாமல் நடவா. பதினாறு வயதுப் பையன் ஒருவன் அன்று காலை சாப்பிடவுமில்லை, குளிக்கப் போகவுமில்லை. தாய்க்குப் பதிலாகக் கொட்டகையில் வந்து இருந்தான். எந்த ஆகமமும் அவனுக்கு விடை எழுதிவைக்கவில்லை. முறையிடுவதே அவனுக்கு அன்றைய அனுஷ்டானமாயிற்று.

என் வேதாந்த நண்பருக்கு நான் இப்போது ஒரு விடை சொல்வேன். பற்றை அறுப்பது ஒரு மார்க்கம். பற்றை அகலச் செய்வது இன்னொன்று. முதல்நாள் “என்ர பிள்ளை” என்று வந்தவள், நூறாம் நாள் பக்கத்தில் இருப்பவளின் மகனுடைய பெயரையும், அவன் படித்த பள்ளிக்கூடத்தையும், கடைசியாக உடுத்தியிருந்த சேட்டின் நிறத்தையும் சொல்லத் தெரிந்தவளானாள். ஆயிரமாம் நாள் “எங்கட பிள்ளையள்” என்றாள். ‘என்ர’ என்பது அழியவில்லை. அது அழிந்திருந்தால் அவள் வந்திருக்கமாட்டாள். ஆர்ஜென்டீனாவின் தலைநகரில் 1977 ஏப்ரல் 30ஆம் திகதி, காணாமற்போன தம் பிள்ளைகளைக் கேட்டு வந்த பதினான்கு தாய்மார், கூட்டமாக நிற்கத் தடையென்று பொலிசார் சொன்னதனால் இருவர் இருவராகச் சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள்; பின்னர் வியாழக்கிழமை அவர்களுக்கு முறைநாளாயிற்று. அவர்களுக்குக் கீதையும் தெரியாது, பெரியபுராணமும் தெரியாது. கயிறு தெரிந்திருக்கிறது.

நம் தாய்மாருக்குள் பிணக்கும் உண்டு; கொட்டகைக்குள் பூரண சாந்தி நிலவுகிறது என்று எழுதினால் அது பொய்யாகும். வெளிநாட்டிலிருந்து வந்த பணம் பற்றிச் சண்டை, ஜெனீவாவுக்கு யார் போவது என்று சண்டை, எந்தக் கட்சிக்காரரை உள்ளே விடுவதென்று சண்டை. கேட்டுக்கொண்டே இருந்த நூற்றுக்கு மேற்பட்ட பெற்றோர் விடை கேளாமலே மறைந்துவிட்டார்கள் என்று உறவினர் சங்கங்கள் கணக்குச் சொல்கின்றன.

முல்லைத்தீவிலே, வைகாசி விசாகத்தையொட்டி வந்த ஒரு திங்கட்கிழமை. எல்லோரும் வற்றாப்பளைக்குப் பொங்கப் போகவேண்டும். யாராவது ஒருத்தி கொட்டகையில் இருந்தாகவேண்டும். கொப்பியைப் பார்த்தார்கள். முறைக்காரி மறுபேச்சில்லாமல் இருந்துவிட்டாள். ஐம்பது வருஷத்தில் அவள் தவறவிட்ட முதற்பொங்கல் அதுவாம். மறுநாட் காலை மற்றவர்கள் திரும்பி வந்து, ஒரு பேணியில் பொங்கலும் கடதாசியில் மடித்த திருநீறும் கொடுத்தார்கள். அவள் எழுந்து படங்கள் மாட்டியிருந்த கயிற்றடிக்குப் போனாள். அந்தப் படங்கள் ஒன்றுக்கும் மாலை கிடையாது. மாலை போட்டால் என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். மகனின் படத்தைப் பொலித்தீனோடு சேர்த்துச் சேலைத்தலைப்பால் துடைத்து, தூரப் பயணம் போகிற பிள்ளைக்குப் பூசுவதுபோல நெற்றியிலே திருநீற்றைப் பூசினாள். பிறகு பக்கத்துப் படத்துக்கும் பூசினாள். பொலித்தீனில் அது ஒட்டவில்லை. விரலை நாக்கில் நனைத்து மறுபடி பூசினாள்.